முதலில் எர்த்தைப் பாருங்கள்

மின்சாரக் கார் புக் பண்ணிவிட்டு டெலிவரிக்குக் காத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வீட்டுல எந்த சார்ஜர் போடலாம்? 3.3 கிலோவாட் போதுமா, இல்ல 7.2 போட்டுடலாமா?" நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான். "உங்க வீட்டு எர்த்தைக் கடைசியா யார் செக் பண்ணாங்க? எப்போ?"

இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் இதுவரை யாரும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டெலிவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் ரொம்ப நல்லது. கார் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பேட்டரிக்கு டி.சி. வேண்டும், நம் வீட்டுக்கு வருவது ஏ.சி. அதை மாற்றுகிற உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சுவரில் மாட்டுகிற பெட்டி, காரோடு வரும் கேபிளின் நடுவில் தொங்கும் சின்னப் பெட்டி, இவையெல்லாம் பாதுகாப்போடு கூடிய ஸ்விட்ச் மட்டுமே. அந்தப் பெட்டிக்கும் காருக்கும் இடையே பேசிக்கொள்ளத் தனியாக ஒரு கம்பி ஓடுகிறது. அதில் 12 வோல்ட்டில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகள். துடிப்பின் அகலத்தைப் பார்த்து, "இந்த இடத்தில் 16 ஆம்ப்ஸ்தான் இழுக்கலாம்" என்று கார் தெரிந்துகொள்கிறது. அந்தப் பேச்சு திரும்பிவரும் வழி எர்த் கம்பி. அது போக, மின்சாரத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பெட்டி தானே சோதித்துப் பார்க்கிறது. இல்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். வாஷிங் மெஷின், பிரிட்ஜ், ஏசி எதுவுமே இப்படிக் கேட்பதில்லை. எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். நம் வீடுகளில் பல வருஷமாக எர்த் இல்லாமலே எல்லாம் ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் அப்பா தொண்ணூறுகளில் கட்டியது. த்ரீ பேஸ் சர்வீஸ். போர்டிகோவில் கார் நிற்கும், மெயின் போர்டு வராண்டாவில், எர்த் குழி பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே. எங்கள் எலக்ட்ரீஷியன் அப்பா காலத்திலிருந்தே வருபவர். அவர் வந்ததும் பழைய 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் மல்ட்டிமீட்டரை வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டிக் காட்டியது. சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் ஏறத்தாழ அதில் பாதி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீதிப் பாதி. நல்ல எர்த் என்றால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் பொதுவாகக் காட்டாது.

"சார், இது எர்த்தே இல்ல. கம்பி சும்மா தொங்குது" என்றார்.

அது ஏன் பாதி காட்டுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்ஜ், டி.வி., கம்ப்யூட்டர் போன்றவற்றின் உள்ளே இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கெபாசிட்டரும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இன்னொன்றும் வைத்திருப்பார்கள். எர்த் கம்பி மண்ணோடு சேர்ந்திருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். கம்பி அறுந்திருந்தால் இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். வீட்டில் எர்த் கம்பி தொடும் எல்லா இரும்பு உடம்பும் அதே வோல்ட்டேஜில் மிதக்கும்.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அதான் பிரிட்ஜ் கதவைத் தொட்டா சுர்ருங்குதா? ரொம்ப நாளா இருக்குடா. நான் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் திறக்கறேன்" என்றார். எனக்கு உண்மையிலேயே பதறிவிட்டது. அதற்குப் பிறகு கார் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் அடுத்து ஒரு டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்ப், இரண்டு வயர், அவ்வளவுதான். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் பிரகாசமாக எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் இழை சிவக்கக்கூட இல்லை. மீட்டர் காட்டிய வோல்ட்டேஜில் சக்தியே கிடையாது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள், தெரிந்தவர் செய்யட்டும். ஆனால் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு பின்பக்கம் போய்க் குழியின் சிமெண்ட் மூடியைத் தூக்கினோம். பைப்பின் தலையில் கிளாம்ப் இருந்தது. கிளாம்ப்பில் இருக்க வேண்டிய ஜி.ஐ. கம்பி துருப்பிடித்து, கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. எர்த் சரியில்லை என்று கேபிள் பெட்டி சிவப்பு காட்டும்போது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு விளக்கு அணைந்துவிடும். சார்ஜ் ஏறும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று யோசியுங்கள். காரின் உடம்பு முழுக்க இப்போது நியூட்ரலோடு இணைந்திருக்கிறது. போர்டிலோ கம்பத்திலோ அந்த நியூட்ரல் ஒரு நாள் லூஸாகி விட்டுப்போனால், வீட்டுக்குள் ஓடும் ஏதாவது ஒரு பல்ப் வழியாக, ஃபேன் வழியாக, 230 வோல்ட் நேராகக் காரின் கதவுக்கு வந்துவிடும். கார் நிற்பது ரப்பர் டயரின் மேல். மின்சாரம் மண்ணுக்குப் போக வேறு வழியே இல்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வெறுங்காலோடு வருகிறவர் காரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் அவர்தான் வழி. அந்தத் துண்டு வயரை யார் போட்டிருந்தாலும் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். இதில் நட்பு, தயவு, கூச்சம் எதுவும் பார்க்காதீர்கள்.

புது எர்த்துக்கு இரண்டு வழி. பழைய முறையில் ஆழமாகத் தோண்டி, ஓட்டை போட்ட இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே புனல் வைத்து மூடுவார்கள். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், அதே உப்பு வருஷங்கள் போகப் போகப் பைப்பையும் தின்னும். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், நாம் மறந்துவிடுவோம். இப்போது கடைகளில் 'கெமிக்கல் எர்த்திங்' என்று கிடைப்பது செம்பு பூசிய ராடும், அதைச் சுற்றிக் கொட்டும் பெண்டோனைட் கலந்த பவுடரும். பவுடர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் இதைத்தான் போட்டேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் எங்கள் மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. பாறை மண் உள்ள ஊர்களில் ஒரு குழி போதாமல் இரண்டு மூன்று போட்டு இணைக்க வேண்டியிருக்கும். போட்டு முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம்ஸ் என்று அளந்து, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காருக்கு மட்டும் தனி எர்த் என்று பிரித்துவிட வேண்டாம், வீட்டு எர்த்தோடும் சேர்த்துவிடுங்கள். பிரிட்ஜுக்கும் அது வேண்டும்தானே.

"எர்த் போட்டாச்சு, எம்.சி.பி. இருக்கு, போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழியின் தடை 5 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக்கு அது நல்ல அளவுதான். பேஸ் கம்பி காரின் உடம்பைத் தொட்டுவிட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து, அதிகபட்சம் 46 ஆம்ப்ஸ் மண்ணுக்குப் போகும். 20 ஆம்ப்ஸ் சி டைப் எம்.சி.பி. சட்டென்று விழ வேண்டுமென்றால் குறைந்தது 100 ஆம்ப்ஸ் வேண்டும். 46 ஆம்ப்ஸுக்கு அது மெதுவாகச் சூடாகி, யோசித்து யோசித்துத்தான் விழும். அதுவரை கார் உடம்பில் மின்சாரம் இருக்கும். கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அப்படியில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசப்பட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் சும்மா கேட்டால் கொடுப்பது 'ஏ.சி. டைப்'. கார் சார்ஜரில் டி.சி. கலந்த கசிவு வரலாம், அதை இந்த வகை சரியாக உணராது. குறைந்தது 'ஏ டைப்' என்று கேட்டு வாங்குங்கள். உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். கூடவே ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும், வோல்ட்டேஜ் ஏறினால் இறங்கினால் துண்டிக்கும் ஒரு ப்ரொடெக்டரும் இருக்கட்டும். த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் கட்டானால் ஒரு பேஸில் 400 வோல்ட் வரைக்கும் ஏறிவிடும் என்பது தெருவில் டி.வி. புகைந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது வயரும் சாக்கெட்டும். 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் எல்லா வீட்டிலும் இருக்கிறது, கெய்சர் ஓடுகிறது, ஆனால் கெய்சர் பத்து இருபது நிமிஷம் ஓடிவிட்டு நின்றுவிடும். கார் எட்டு, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். அந்த வித்தியாசம்தான் எல்லாம். சாக்கெட்டின் ஒரு திருகு லூஸாக இருந்து, அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 15 ஆம்ப்ஸ் போகும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி ராத்திரி முழுக்க விட்டதற்குச் சமம் அது. எங்கள் பழைய பாயிண்டின் முகப்பைக் கழற்றிப் பார்த்தபோது கெய்சர் மட்டுமே ஓடிய அந்த இடத்திலேயே பேஸ் பக்கத்து ஓட்டை பழுப்பேறியிருந்தது.

அதனால் காருக்குத் தனி லைன். மெயின் போர்டிலிருந்து நேராக, வழியில் வேறு எந்தப் பாயிண்டும் இல்லாமல். 16 ஆம்ப்ஸுக்கு 4 சதுர மில்லி மீட்டர் செம்பு வயர், 32 ஆம்ப்ஸுக்கு 6, தூரம் அதிகமென்றால் 10. இருபது மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லி மீட்டரில் ஏறத்தாழ 3 வோல்ட்தான் இழப்பு. ஆனாலும் கோடை ராத்திரியில் தெருவே ஏசி போட்டு வோல்ட்டேஜ் இறங்கியிருக்கும்போது அந்த மூன்று வோல்ட்டும் நமக்கு வேண்டும். பழைய வீடுகளில் அலுமினிய வயர் ஓடியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், புதிதாக இழுங்கள். நான் 3.3-தான் போட்டேன் என்றாலும் வயர் மட்டும் 6 சதுர மில்லி மீட்டரில் இழுத்துவிட்டேன். நாளைக்கு 7.2 வேண்டுமென்றால் சுவரை மறுபடி கொத்த வேண்டாம்.

சாக்கெட்டில், சின்னப் பின்னும் பெரிய பின்னும் இரண்டும் நுழையும் 6/16 கலப்பு வகையைத் தவிர்த்துவிடுங்கள். 16 ஆம்ப்ஸுக்கென்றே வரும், பிடி இறுக்கமான, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாக்கெட் வேண்டும். வயர் நுனியில் லக்ஸ் வைத்து அழுத்தித் திருக வேண்டும். ஸ்விட்ச்சுக்குப் பதிலாக எம்.சி.பி. வைத்தால் இன்னும் நல்லது. முதல் இரவு சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கவே கூடாது. சில வாரம் கழித்து மெயினை ஆஃப் பண்ணிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாத் திருகையும் இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மத்திய மின்சார ஆணையம் 2019-இல் சேர்த்த பாதுகாப்பு விதிகளே அதைத் தடுக்கின்றன.

அதே விதிகளில் சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லி மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் பகுதிக்கு அது போதாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரே சொல்லும். நான் நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்தேன். பக்கத்திலேயே கேபிள் பெட்டி உட்கார ஒரு சின்னப் பலகை, கேபிளைச் சுற்றி வைக்க ஒரு கொக்கி. பலகை ஏன் என்றால், பெட்டி அந்தரத்தில் தொங்கினால் அதன் எடை பிளக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், பின் லூஸாகும், மறுபடி அதே சூட்டுக் கதை. பெருமழை எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே சார்ஜ் போட்டு முடித்துவிட்டு, எம்.சி.பி.யை ஆஃப் பண்ணி, கேபிளை மாடிக்குக் கொண்டுபோய்விடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். 3.3-ஆ, 7.2-ஆ? முதலில் உங்கள் காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று பாருங்கள். 2020-இல் வந்த முதல் நெக்ஸான் ஈ.வி.க்குள் இருந்தது 3.3 கிலோவாட் சார்ஜர். டியாகோ ஈ.வி.யிலும் 3.3 வகை உண்டு, 7.2 வகையும் உண்டு. உள்ளே 3.3 இருந்தால் சுவரில் எத்தனை பெரிய பெட்டி மாட்டினாலும் வேகம் கூடாது. 15 ஆம்ப்ஸில் ஒரு ராத்திரி பத்து மணி நேரம் போட்டால் சுவரிலிருந்து 30 யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம். வழியில் பத்துப் பதினைந்து சதவீதம் இழப்பு போனாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட அது போதும். ஆபீஸுக்குப் போய் வருகிற யாருக்கும் இது தாராளம். ராத்திரி வந்து விடிவதற்குள் மறுபடி வெளியூர் போகிறவர்கள், வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவர்கள், 7.2 போடலாம். அதற்கு ஈ.பி.யில் லோடு கூட்டி எழுதி வாங்க வேண்டும், சிங்கிள் பேஸ் வீடு என்றால் த்ரீ பேஸாக மாற்ற வேண்டிவரும். மற்றவர்கள் அந்தப் பணத்தை எர்த்துக்கும் வயருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் போடுங்கள் என்பேன்.

த்ரீ பேஸ் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. ஒரு பேஸ் போனால் இன்னொரு பேஸுக்கு மாற்றிவிடும் செலக்டர் ஸ்விட்ச் நம் வீடுகளில் இருக்கும். கார் லைனை அந்த ஸ்விட்ச்சுக்குள் கொண்டுவராதீர்கள், ஒரு பேஸில் நிலையாக வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போன ராத்திரியில் ஏசி, மோட்டார், கார் எல்லாம் ஒரே பேஸில் ஏறி மெயின் பியூஸ் போய்விடும். இன்வெர்ட்டர் லைனிலும் கார் பாயிண்ட் சேரக் கூடாது.

பில் விஷயம். வீட்டு இணைப்பிலேயே கார் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் நம் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 401 முதல் 500 யூனிட் வரை 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, அதற்கு மேல் 10.70, ஆயிரத்தைத் தாண்டினால் 11.80. வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஆகிறது, கார் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது, அதற்கு இழப்போடு சேர்த்து 340 யூனிட் என்று வையுங்கள். 645, 855, 1,351 என்று கூட்டினால் 2,851 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். இதோடு, 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த மானியச் சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தாலும் பெட்ரோலைவிட இது மலிவுதான். நூறு ரூபாய்க்கு விற்கும் பெட்ரோலில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் கார் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாயைத் தாண்டும். "மாசம் ஐம்பது ரூபாய்தான் செலவு" என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம், பயமுறுத்துகிறவர்களையும் நம்ப வேண்டாம்.

மாடியில் சோலார் போட எண்ணம் இருந்தால் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் அதிலிருந்து 12 யூனிட் வரும். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன்.

அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்கு லைன் இழுங்கள். காமன் மீட்டரில் ஒரு பாயிண்ட் கொடுத்து, மாசம் இவ்வளவு என்று பேசிக்கொள்வது ஆறு மாதத்தில் சண்டையில்தான் முடியும். அசோசியேஷன் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் தீ பயம்தான் காரணமாக இருக்கும், அந்தப் பயம் நியாயமானது. எர்த் டெஸ்ட் ரிப்போர்ட், ஏ டைப் ஆர்.சி.சி.பி., தனி எம்.சி.பி., பைப்புக்குள் போகும் 6 சதுர மில்லி மீட்டர் வயர் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். கட்டடத்துக்கே எர்த் எப்படி இருக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். லிஃப்ட்டும் மோட்டாரும் அதே எர்த்தில்தான் நிற்கின்றன.